கண்ணெதிரே காட்டும் சாட்சி

புடவைக் கடைக்குச் செல்லும் நம் பெண்மக்கள், கடைக்காரர் செய்யும் வருணனையைக் கேட்ட மாத்திரத்தில் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவதில்லை. “பிரித்துக் காட்டுங்கள்” என்கிறார்கள். முந்தானையை விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, கரையை விரலால் தடவிப் பார்த்த பிறகே விலை பேசத் தொடங்குகிறார்கள். கத்தரிக்காய் வாங்குவோர் காம்பைப் பார்க்கின்றனர். மாடு வாங்குவோர் பல்லைப் பிடித்துப் பார்க்கின்றனர். பொருளை நேரில் கண்டு தெளிதல் நம் ஜனங்களிடம் வழிவழியாக வந்துள்ள விவேகமாகும். ஆனால் இக்காலத்தில் நம் அன்றாட வாழ்வைத் தன் வசப்படுத்திக்கொண்டுவிட்ட ஒரு பொருள் மாத்திரம் இந்தப் பரீட்சைக்கு உட்படாமல் நழுவிக்கொண்டிருக்கிறது. மென்பொருள் எனப்படுவதே அது. அதைக் கையால் தொட முடியாது. தட்டி ஓசை கேட்க முடியாது. இயங்கும்போதுதான் அதன் குணம் தெரியும். இயங்காத மென்பொருள் வெறும் பெயரே.

இது வியாபாரிகள் கவலைப்பட வேண்டிய விஷயம் என்று நேயர்கள் ஒதுக்கிவிடலாகாது. பாங்கியிலிருந்து பணம் அனுப்புவதும், ரயிலில் இடம் பதிவு செய்வதும், வருமானச் சான்று கோருவதும், பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க மனுச் செய்வதும் இன்று பெரும்பாலும் மென்பொருளின் வழியாகவே நடைபெறுகின்றன. அதை விளங்கிக்கொள்ள மாட்டாதவர் என்ன செய்கிறார்? அறிந்தவர் போல் தோன்றும் யாரோ ஒருவரிடம் தம் செல்போனையே நீட்டிவிடுகிறார். ரகசிய எண்ணை வாய்விட்டுச் சொல்கிறார். ஓ.டி.பி. வந்தால் அதையும் உரக்கப் படித்துக் காட்டுகிறார். என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே பத்திரத்தில் கைநாட்டு வைத்துக் கொடுத்து நிலத்தை இழந்த முன்னோரின் நிலைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அன்று எழுத்தறியாமை, இன்று திரையறியாமை. நஷ்டம் மட்டும் ஒன்றே.

இந்த அறியாமைக்கு ஜனங்களையே குறை கூறுவது எளிது, நியாயமன்று. மென்பொருளைச் செய்து தருவோர் அதைப் பற்றி எழுதும் வாசகங்களைச் சற்றுப் படித்துப் பாருங்கள். “தடையற்ற அனுபவம்”, “ஒருங்கிணைந்த தளம்”, “அனைத்துத் தேவைகளுக்கும் ஒரே தீர்வு” என்றெல்லாம் காணப்படும். இவற்றைப் படித்து முடித்தவர், அந்தப் பொருள் கணக்கு எழுதுவதற்கா, கல்யாணப் பத்திரிகை அச்சிடுவதற்கா என்றுகூட அறிய மாட்டார். சொல் பெருகப் பெருகப் பொருள் மறைகிறது. இதற்கு மாற்றாக ஓர் எளிய சாதனம் நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. மென்பொருள் வேலை செய்யும் விதத்தை அதன் திரையிலேயே இரண்டு மூன்று நிமிஷங்களில் செய்து காட்டும் சிறு வீடியோவையே குறிப்பிடுகிறோம். ‘டெமோ’ என்று பேச்சு வழக்கில் யாவரும் சொல்வது இதையே. இதன் பயனையும், இதைச் செய்யும் முறையையும், இதில் ஒளிந்துள்ள அபாயத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேள்வியும் காட்சியும்

நீதிமன்ற நடைமுறை அறிந்தவர்கள் ஒரு விதியை நன்கு அறிவர். வாய்மொழிச் சாட்சியம் நேரடியாக இருக்க வேண்டும் என்பதே அது. கண்ணால் காணக்கூடிய சங்கதியாயின், கண்டவரே வந்து சொல்ல வேண்டும். கண்டவர் சொல்லக் கேட்டவர் வந்து சொல்வது செல்லாது. 1872-ம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 60-வது பிரிவு இவ்வாறு விதித்தது. 2024-ம் வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதி அதற்குப் பதிலாக அமலுக்கு வந்த புதிய சட்டமும் இவ்விதியைக் கைவிடவில்லை. இதன் காரணம் வெளிப்படை. கேள்விப்பட்டதைச் சொல்பவரைக் குறுக்கு விசாரணை செய்து பயனில்லை. கண்டவரைக் கேட்டால் உண்மை வெளிப்படும்.

மென்பொருளைப் பற்றிய விளம்பரம் கேள்விச் சாட்சியம். அது இயங்குவதைக் காட்டும் வீடியோ கண்ட சாட்சியம். ஒரு வேறுபாடு மாத்திரம் உண்டு. கூண்டில் நிற்கும் சாட்சியை எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து கேள்வி கேட்கலாம். வீடியோவைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அதனிடம் கேள்வி கேட்க முடியாது. “அந்தப் பொத்தான் எங்கே இருந்தது? அதற்கு முன் என்ன செய்தீர்?” என்று அவர் மனத்துக்குள் எழும் கேள்விகளுக்குத் திரை வாய் திறக்காது. ஆகவே அவர் கேட்கக்கூடிய குறுக்குக் கேள்விகள் அனைத்தையும் முன்கூட்டியே நினைத்துப் பார்த்து, காட்சியிலேயே விடை வைத்திருப்பது வீடியோ செய்பவரின் கடமையாகிறது. நல்ல டெமோவின் இலக்கணம் முழுவதும் இந்த ஒரு கடமையில் அடங்கியிருக்கிறது என்பது நம் அபிப்பிராயம்.

கண்டவர் வியந்த கதைகள்

இக்கலையின் பழைய உதாரணங்களுள் தலைசிறந்தது 1968-ம் வருஷம் டிசம்பர் மாதம் 9-ந் தேதி ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் நடந்தது. டக்ளஸ் எங்கெல்பார்ட் என்னும் அமெரிக்க விஞ்ஞானி சுமார் ஆயிரம் நிபுணர்கள் கூடிய மகாநாட்டில் மேடையேறி, தொண்ணூறு நிமிஷ நேரம் கம்ப்யூட்டரை இயக்கிக் காட்டினார். அவருடைய இயந்திரம் முப்பது மைலுக்கு அப்பால் மென்லோ பார்க்கிலுள்ள ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தது. திரையில் அவர் முகமும் அவர் எழுதும் எழுத்தும் சேர்ந்தே தெரிந்தன. மௌஸ் என்று இன்று குழந்தைகளும் அறிந்துள்ள கருவியைப் பலர் முதன்முதலாக அன்றுதான் கண்டனர். இத்தனை புதுமைகளையும் விளக்குவதற்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களுள் ஒன்று யாது? வாழைப்பழம் முதலிய சாமான்களை வாங்கிவர வேண்டிய ஒரு வீட்டுச் சாமான் ஜாபிதா! கேட்போர் மகா நிபுணர்கள். இருப்பினும் காட்டியது எவரும் ஒரு கணத்தில் விளங்கிக்கொள்ளும் காரியம். புதியதைக் காட்டும்போது அதைப் பழகிய ஒன்றின் மேல் வைத்துக் காட்ட வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் வேண்டுவதில்லை. அந்நிகழ்ச்சி படம் பிடிக்கப்பட்டபடியால் இன்றும் நாம் அதைப் பார்க்க முடிகிறது.

1979-ம் வருஷத்தில் வெளிவந்த விஸிகால்க் என்னும் மென்பொருளின் கதையும் இங்கு நினைக்கத்தக்கது. டான் பிரிக்லின், பாப் பிராங்ஸ்டன் என்னும் இருவர் செய்த அது, கணக்குத் தாளைத் திரையில் அமைத்து, ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எண்கள் எல்லாம் தாமே மாறும்படி செய்தது. கம்ப்யூட்டர் அறிந்தவர்களிடம் காட்டியபோது அவர்கள் பெரிதாக வியக்கவில்லை என்றும், காகிதத்தில் கூட்டிக் கழித்து அழித்து எழுதி அலுத்துப்போன கணக்கர்களிடம் காட்டியபோது அவர்கள் பரவசமடைந்தனர் என்றும் பிரிக்லின் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். காட்சி ஒன்றே, காண்போர் வேறு. எவருடைய சிரமம் தீர்கிறதோ அவரிடம் காட்டினால் ஒரு நிமிஷமே போதும். ஏனையோரிடம் ஒரு நாள் முழுதும் காட்டினாலும் வீண்.

திரையில் நடப்பதை அப்படியே பதிந்து, கூடவே குரல் கொடுத்து விளக்கும் வீடியோவுக்கு ‘ஸ்கிரீன்காஸ்ட்’ என்னும் பெயர் 2004-ம் வருஷத்தில் ஏற்பட்டது. ஜான் உடெல் என்னும் பத்திரிகையாளர் தம் வாசகர்களையே பெயர் சூட்டும்படி கேட்டு, அவர்கள் அனுப்பியவற்றிலிருந்து அதைத் தேர்ந்தார். நான்கு வருஷங்களுக்குப் பின், 2008-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில், ட்ரூ ஹௌஸ்டன் என்னும் வாலிபர் அத்தகைய வீடியோ ஒன்றை வெளியிட்டார். அவருடைய டிராப்பாக்ஸ் என்னும் மென்பொருள், ஒரு கம்ப்யூட்டரில் வைத்த தஸ்தாவேஜை மற்றக் கம்ப்யூட்டர்களிலும் தானே கொண்டு சேர்ப்பது. இதை வாயால் சொன்னால் “இதில் என்ன அதிசயம்?” என்றே பலருக்குத் தோன்றும். அவர் சுமார் மூன்று நிமிஷங்களில், தஸ்தாவேஜு இங்கிருந்து அங்கே போவதைத் தம் குரலாலேயே விளக்கிக் காட்டினார். பார்க்கப் போகிற கூட்டத்தார்க்கு மட்டுமே புரியும் சில வேடிக்கைகளையும் உள்ளே ஒளித்து வைத்திருந்தார். மென்பொருள் பொதுமக்கள் கைக்கு அப்போது வந்திருக்கவில்லை. அப்படியிருந்தும், அதற்காகப் பெயர் கொடுத்துக் காத்திருந்தோரின் தொகை 5,000-லிருந்து 75,000 ஆக ஒரே நாளில் உயர்ந்தது. நூறு பக்க விளக்கம் செய்ய மாட்டாததை மூன்று நிமிஷக் காட்சி செய்து முடித்தது.

அறிந்தவரின் குருட்டுத்தனம்

இவ்வளவு பயனுள்ள சாதனம் ஏன் பெரும்பாலும் கெட்டுப்போகிறது? அநேக டெமோ வீடியோக்களை நாம் பார்த்தால், கடைசியில் தலைவலியே மிஞ்சுகிறது. இதற்குச் சோம்பேறித்தனம் காரணமன்று, அறிவே காரணம். ஒரு விஷயத்தை நன்கு அறிந்தவருக்கு, அதை அறியாத நிலை எப்படிப்பட்டது என்பது மறந்துபோகிறது.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் எலிஸபெத் நியூட்டன் என்னும் மாணவி 1990-ம் வருஷத்தில் செய்த ஒரு சோதனை இதை அழகாக விளக்குகிறது. சிலரை யாவரும் அறிந்த பாட்டுக்களின் தாளத்தை மேஜைமேல் விரலால் தட்டச் சொன்னார். எதிரே இருப்பவர் அது எந்தப் பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். தட்டியவர்கள், பாதிப் பாட்டுக்களையாவது எதிரிலுள்ளவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நம்பினார்கள். தட்டப்பட்ட 120 பாட்டுக்களில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்றே! தட்டுகிறவரின் செவிக்குள் பல்லவி முழுதும் ராகத்தோடு ஒலித்துக்கொண்டிருக்கிறது. கேட்பவருக்கோ ‘டக் டக்’ என்னும் சத்தந்தான்.

மென்பொருள் செய்தவர் வீடியோ செய்யும்போதும் இதுவே நேர்கிறது. அவருக்கு ஒவ்வொரு பொத்தானின் பின்னாலும் ஆறு மாத உழைப்பு தெரிகிறது. பார்ப்பவருக்குச் சிறு சிறு சதுரங்களே தெரிகின்றன. மின்னல் வேகத்தில் அம்புக்குறியை ஓட்டி, நான்கு இடங்களில் அழுத்தி, “பார்த்தீர்களா, எவ்வளவு சுலபம்!” என்கிறார். பார்த்தவர் இரண்டாவது அழுத்தலிலேயே வழி தவறிவிட்டார் என்பது அவருக்குத் தெரியாது. ஆகவே வீடியோவை வெளியிடுமுன், அந்த மென்பொருளை ஒருபோதும் பார்த்திராத ஒருவரிடம் அதைக் காட்டி, அவர் முகம் சுளிக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த ஒருவரே நம் குறுக்கு விசாரணை வக்கீல். அவரை மதித்துத் திருத்தியவனே ஜயிப்பான்.

செய்யும் முறை

முதலாவதாக, ஒரு வீடியோவில் ஒரு காரியமே காட்டப்பட வேண்டும். ஒரு மளிகைக் கடைக்காரருக்கான கணக்கு மென்பொருள் என்று வைத்துக்கொள்வோம். அதில் இருக்கும் நாற்பது வசதிகளையும் வரிசையாக ஒப்பிப்பது ஜாபிதா வாசிப்பதாகுமேயன்றி விளக்கமாகாது. மாதக் கடைசியில் கடைக்காரரின் மனத்தை அரிக்கும் கேள்வி ஒன்றுதான்: “யார் யார் எவ்வளவு பாக்கி?” வீடியோ அந்தக் கேள்வியிலேயே தொடங்கட்டும். கடன் வாங்கியவர் பெயரும் தொகையும் பதிவதைக் காட்டுக. பாக்கிதாரர் வரிசை திரையில் வருவதைக் காட்டுக. அவர்களில் ஒருவருக்கு நினைவூட்டும் செய்தி போவதைக் காட்டுக. அத்துடன் நிறுத்துக. கம்பெனியின் சரித்திரமும், சங்கீதத்தோடு சுழலும் சின்னமும் இதற்கு வேண்டியவையல்ல. பிராதில் சங்கதி முதலில் வர வேண்டும்; வக்கீலின் வமிசாவளி எவருக்கும் வேண்டாம்.

இரண்டாவதாக, சுருக்கம். பிலிப் குவோ முதலிய ஆராய்ச்சியாளர்கள் 2014-ம் வருஷத்தில் எட்எக்ஸ் என்னும் கல்வி ஸ்தாபனத்தின் வீடியோக்களை மாணவர்கள் பார்த்த 69 லட்சம் தடவைகளின் விவரங்களை ஆராய்ந்தனர். வீடியோ எவ்வளவு நீளமாயிருந்தபோதிலும், மாணவர்கள் பார்த்த நேரத்தின் நடு அளவு ஆறு நிமிஷத்தைத் தாண்டவில்லை என்று கண்டனர். பரீட்சையில் தேற வேண்டிய மாணவர்களின் பொறுமையே ஆறு நிமிஷமாயின், வாங்கலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்பவரின் பொறுமை எவ்வளவு இருக்கும்? ஆனால் சுருக்கம் வேறு, அவசரம் வேறு. காட்டும் காரியங்களைக் குறைக்க வேண்டுமேயன்றிக் காட்டும் வேகத்தைக் கூட்டக் கூடாது. ஒரு பொத்தானை அழுத்துமுன் அம்புக்குறி அதன்மேல் ஒரு கணம் நிற்க வேண்டும். அழுத்தியபின் என்ன மாறிற்று என்று கண் தேடிக் கண்டுபிடிக்கும்வரை குரல் காத்திருக்க வேண்டும்.

மூன்றாவதாக, கண்ணுக்கும் செவிக்கும் உள்ள உடன்பாடு. கற்பித்தலைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த ரிச்சர்டு மேயர் என்னும் அமெரிக்க மனத்தத்துவப் பேராசிரியர், சொல்லும் படமும் ஒரே சமயத்தில், ஒன்றுக்கொன்று அருகில் வந்தால் மனம் அவற்றை எளிதில் இணைத்துக்கொள்கிறதென்றும், தேவையற்ற அலங்காரங்களை நீக்கினால் கற்பது அதிகமாகிறதென்றும் காட்டியிருக்கிறார். ஆகவே குரல் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கையில் திரை வேறொன்றைக் காட்டக் கூடாது. பலர் இவ்வீடியோக்களைச் செல்போனில் பார்ப்பதால், முக்கியமான பகுதியைப் பெரிதாக்கிக் காட்ட வேண்டும். “இங்கே அழுத்துங்கள், பிறகு அங்கே” என்று சொல்லாமல் பொத்தானின் பெயரைச் சொல்ல வேண்டும். பார்வையற்றவர் செவியால் பின்தொடர்வதற்கு அதுவே துணை. செவிப்புலன் இல்லாதவர்க்கு எழுத்து வரிகள் துணை. இவை தர்மத்துக்காகச் செய்பவை போல் தோன்றினும், பஸ்ஸில் சத்தமின்றிப் பார்ப்பவருக்கும் பயன்படுவதால், எல்லோர்க்கும் செய்த உபகாரமாகவே முடிகின்றன.

நிற்க. வீடியோவால் ஆகாததும் ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. 1991-ம் வருஷத்தில் ஸூஸன் பாமிட்டர், ஜே எல்கர்ட்டன் என்னும் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஹைப்பர்கார்டு என்னும் மென்பொருளைச் சிலருக்குச் செய்து காட்டும் படத்தாலும், சிலருக்கு எழுத்து விளக்கத்தாலும் கற்பித்தனர். படம் பார்த்தவர்கள் அன்றைக்கு வேகமாகச் செய்தார்கள். ஏழு நாட்கள் கழித்துப் பார்த்தபோது நிலைமை தலைகீழாயிற்று. எழுத்தைப் படித்தவர்களே வேகமாகச் செய்தனர். கண்டதை அப்படியே பின்பற்றுவது எளிது. ஆனால் சிந்தித்துச் செய்ததே மனத்தில் நிற்கிறது. ஆகையால் ஒரு பொருள் என்ன, எதற்கு என்று விளக்குவதற்கு வீடியோவினும் சிறந்தது வேறில்லை. அதை நாள்தோறும் கையாளப் பழக்குவதற்கோ, வீடியோவுடன் எழுத்தும், எழுத்துடன் கைப்பழக்கமும் சேர வேண்டும்.

தாய்மொழியின் உதவி

இவ்விடத்தில் நம் நாட்டிலேயே நடந்துவரும் ஒரு நன்முயற்சியைக் குறிப்பிடாமல் செல்வது தகாது. மும்பையிலுள்ள ஐ.ஐ.டி. கல்வி நிலையத்தில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கி நடத்திய ‘ஸ்போக்கன் டியூடோரியல்’ என்னும் திட்டமே அது. மத்திய அரசாங்கக் கல்வி இலாகாவின் பொருளுதவி பெற்ற இத்திட்டம், யாவரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய மென்பொருள்களைச் சுமார் பத்து நிமிஷ வீடியோக்களாகப் பகுத்துக் கற்பிக்கிறது. இங்கே நோக்கம் விற்பனையன்று, பழக்கமே. ஆதலின் நீளம் சற்று அதிகம். கற்பவர் திரையின் ஒரு பாதியில் வீடியோவையும் மறு பாதியில் மென்பொருளையும் வைத்துக்கொண்டு, கண்டதை அங்கேயே நிறுத்திச் செய்து பார்க்கிறார். இதனால் மேலே சொன்ன ஆராய்ச்சி காட்டிய குறையும் பெரிதும் நீங்குகிறது. வீடியோவைப் பதிவதற்கு முன்பே அதன் வசனத்தைப் புதியவர் ஒருவர் படித்துச் செய்து பார்த்து, புரிகிறதா என்று சரிபார்க்க வேண்டும் என்பதும் அவர்கள் வைத்துள்ள விதி.

இவை யாவற்றினும் மேலானது மற்றொன்று. ஆங்கிலத்தில் பதிந்த வீடியோவின் குரல் தமிழ் முதலிய நம் பாஷைகளில் மாற்றித் தரப்படுகிறது. திரை மாத்திரம் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. இதிலுள்ள விவேகத்தைக் கவனியுங்கள். உத்தியோகத்தில் அமர்ந்தால் மாணவன் காணப்போவது ஆங்கிலத் திரையே. ஆகவே அதில் பழகட்டும். ஆனால் விளங்கிக்கொள்வது தாய்மொழியில் நடக்கட்டும். ஆங்கிலம் கற்ற நாமே, புதிய சிக்கல் ஒன்று வந்தால் மனத்துக்குள் தமிழில்தானே யோசிக்கிறோம்? அப்படியிருக்க, பள்ளியிறுதி வரை தமிழில் படித்த பெண்ணுக்குப் பாங்கி மென்பொருளை ஆங்கிலக் குரலில் விளக்குவது, காது கேளாதவர் வீட்டு வாசலில் மணியடிப்பது போன்றது. தமிழ்க்குரலுங்கூட ஏட்டுத்தமிழாக இருக்க வேண்டுவதில்லை. திரையில் உள்ள பொத்தானின் பெயரை உள்ளபடியே உச்சரித்து, அது செய்யும் வேலையை வீட்டுத் தமிழில் சொன்னால் போதும்.

பொய்ச்சாட்சி

கண்ட சாட்சியே சிறந்தது என்றோம். கண்ட சாட்சியும் பொய் சொல்லக்கூடும் என்பதை மறவாதிருப்போமாக. இதற்கு நீதிமன்றத்திலேயே நடந்த ஓர் உதாரணம் உண்டு.

மைக்ரோஸாப்ட் கம்பெனியின் மேல் அமெரிக்க அரசாங்கமும் பல மாகாணங்களும் 1998-ம் வருஷத்தில் வழக்குத் தொடுத்தன. விண்டோஸ் மென்பொருளோடு இணையத்தைப் பார்க்கும் மென்பொருளையும் பிணைத்து விற்று, அந்தக் கம்பெனி போட்டியை நசுக்குகிறது என்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. இரண்டையும் பிரிக்கவே முடியாது என்று கம்பெனி வாதித்தது. பிரிக்க முடியும் என்று பிரின்ஸ்டன் பேராசிரியர் எட்வர்டு பெல்ட்டன் ஒரு சிறு நிரல் எழுதிக் காட்டினார். 1999-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், அந்த நிரலை ஓட்டினால் விண்டோஸ் மந்தமாகிவிடுகிறது என்று காட்டும் வீடியோ ஒன்றைக் கம்பெனியார் சாட்சியமாகப் போட்டுக் காட்டினர். கம்பெனியின் உயர் அதிகாரி ஜிம் ஆல்சின் கூண்டில் இருந்தார். அரசாங்கத் தரப்பு வக்கீல் டேவிட் பாய்ஸ் வீடியோவை நிறுத்தி, திரையின் மேல்விளிம்பிலுள்ள தலைப்பைச் சுட்டிக்காட்டினார். பெல்ட்டனின் நிரல் உண்மையில் ஓட்டப்பட்டிருந்தால் அந்தத் தலைப்பு அவ்வாறு இருந்திருக்க முடியாது! ஒன்றுக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் எடுத்த காட்சிகள் அதில் சேர்க்கப்பட்டிருந்ததும் பின்னர் வெளியாயிற்று. ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று கம்பெனியார் கூறினர். ஆயினும் நீதிபதி ஜாக்ஸன் அவ்வீடியோவின் நம்பகத்தன்மையையே சந்தேகித்தார். எதிர்த்தரப்பினர் பார்த்துக்கொண்டிருக்க வேறொரு வீடியோ புதிதாக எடுக்க வேண்டியதாயிற்று. அந்த வழக்கின் முடிவு இந்த ஒரு வீடியோவினால் ஏற்பட்டதன்று. ஆயினும் ஒரு தலைப்பு வரி ஒரு பெரிய கம்பெனியைத் தலைகுனியச் செய்தது.

இது பழங்கதை என்பாருக்கு அண்மைக் கதையும் உண்டு. 2023-ம் வருஷம் டிசம்பரில் கூகிள் கம்பெனி தன் ஜெமினி என்னும் செயற்கை அறிவு மென்பொருளைக் காட்டும் சுமார் ஆறு நிமிஷ வீடியோவை வெளியிட்டது. மனிதர் வரைவதையும் செய்வதையும் பார்த்து அது உடனுக்குடன் வாய்ச்சொல்லாக விடையளிப்பது போல் காட்சி அமைந்திருந்தது. உண்மையில், அசையாப் படங்களைக் காட்டி, எழுத்தில் கேள்வி கேட்டுப் பெற்ற விடைகளிலிருந்து அது அமைக்கப்பட்டது என்பதைப் பின்னர் கம்பெனியே ஒப்புக்கொண்டது. மென்பொருளின் திறமை மெய்யாகவே இருக்கலாம். ஆனால் காட்சி அதன் மெய்யான நடையைக் காட்டவில்லை.

டெமோ வீடியோவின் வலிமை முழுவதும் “கண்ணால் கண்டேன்” என்னும் நம்பிக்கையில் இருக்கிறது. ஒரு முறை அந்த நம்பிக்கை உடைந்தால் ஆயிரம் வீடியோக்களாலும் அதை ஒட்டவைக்க முடியாது. ஆகவே சில ஒழுக்கங்கள் இன்றியமையாதவை. மென்பொருள் விடை தர நாற்பது விநாடி எடுத்துக்கொண்டு, அதை வெட்டிவிட்டிருந்தால், வெட்டியதாகத் திரையிலேயே எழுத வேண்டும். இன்னும் செய்து முடியாத வசதியைச் செய்து முடித்தது போல் காட்டலாகாது. எந்தப் பதிப்பைக் காட்டுகிறோம், எந்தத் தேதியில் பதிந்தோம் என்று குறிப்பிட வேண்டும்; மென்பொருள் மாறியபின் பழைய வீடியோ தன்னையறியாமலே பொய்ச்சாட்சி ஆகிவிடுகிறது. உதாரணத்துக்காகக் கூட உண்மையான வாடிக்கைக்காரரின் பெயரையும் கணக்கையும் திரையில் காட்டக் கூடாது. பிழை நேர்ந்தால் அதிலிருந்து மீளும் வழியையும் காட்டுவது மிகவும் நல்லது. ஏனெனில் பார்ப்பவருக்கு நாளைக்குப் பிழை நேரப்போவது நிச்சயம்.

மென்பொருள் செய்யும் நம் வாலிபர்களுக்கும், ஜனங்களுக்காக அதை ஏற்படுத்தும் அரசாங்க இலாகாக்களுக்கும், பாங்கிகளுக்கும் நாம் கூறுவது இதுதான். ஒரு புதிய மென்பொருளைக் கட்டாயமாக்குமுன், அதனால் ஆக வேண்டிய ஒவ்வொரு காரியத்துக்கும் ஒவ்வொரு சிறு வீடியோவைத் தமிழில் செய்து, அந்தக் காரியம் நடக்கும் பக்கத்திலேயே வையுங்கள். அதற்கு லட்சக்கணக்கில் செலவில்லை. ஒரு கம்ப்யூட்டரும், ஒரு சாதாரண மைக்கும், பிறர் நிலையில் தம்மை வைத்துப் பார்க்கும் ஒரு மனமும் போதும். முதல் இரண்டும் கடையில் கிடைக்கும். ஜனங்களுக்கும் ஒன்று கூறுவோம். புடவையைப் பிரித்துக் காட்டச் சொல்லும் உரிமையை மென்பொருள் விஷயத்தில் மாத்திரம் விட்டுக்கொடுக்காதீர்கள். ரகசிய எண்ணை எவரிடமும் சொல்லுமுன், “எப்படி என்று காட்டுங்கள், நானே செய்து கொள்கிறேன்” என்று கேளுங்கள். காட்ட மாட்டாதவர் விற்பதை வாங்காதிருப்பதே நலம்.